கதவில் அடித்த தகரம்: தொற்றுக் காலத்தில் நம் உரிமைகள்

2020 ஜூலை. எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் இரண்டு பேருக்குக் கொரோனா என்று ரிசல்ட் வந்த அன்று மதியமே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு மினி லாரி, நான்கைந்து தகரத் தகடுகள், சவுக்குக் கம்பு, சுத்தியல். கேட்டுக்குக் குறுக்கே கம்பைக் கட்டித் தகரத்தை அடித்து முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

"தம்பி, கேஸ் சிலிண்டர் வந்தா எந்த வழியா உள்ள எடுக்கிறது?" என்று அந்த வீட்டு அக்கா தகரத்துக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார். அடித்தவர்களிடம் பதில் இல்லை. உத்தரவு என்று ஒரு காகிதமும் இல்லை. மேலே சொன்னார்கள், அடிக்கிறோம் என்றார்கள். உள்ளே அக்காவின் மாமனார் இருந்தார். எண்பதை நெருங்கியவர், இழுப்புக்காரர். ராத்திரியில் மூச்சுத் திணறினால் அவரை ஆம்புலன்ஸ் வரைக்கும் எப்படித் தூக்கிவருவது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் எதிர்வீட்டில் காய்ச்சல். தெருமுனையிலேயே காய்ச்சல் முகாம் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. பையனை மெடிக்கலுக்கு அனுப்பி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்கள். பையன் தினமும் கடைக்குப் போய் வந்தான். பிறகு ஒருநாள் கேட்டபோது அந்த வீட்டுக்காரர் மறைக்காமல் சொன்னார்: "டெஸ்ட் எடுத்தா தகரம் அடிச்சிடுவாங்க சார்."

நோயைத் தடுக்க அடித்த தகரம் நோயை ஒளித்துவைக்கச் செய்தது. "உயிர் பெரிதா, உரிமை பெரிதா" என்று தொற்றுக் காலத்தில் தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உரிமையைப் பிடுங்கினால் உயிர் பிழைக்கும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் தெருவில் நான் பார்த்தது வேறு. அரசு தன்னை அவமானப்படுத்தாது என்று நம்புகிறவர்தான் காய்ச்சல் வந்தால் தானாக வந்து சொல்வார்.

சரி, அடிப்படையிலிருந்து தொடங்கலாம்.

தொற்றுநோய் பரவும்போது அரசு சும்மா இருக்க முடியாது. மக்களின் உடல்நலத்தைக் காப்பது அதன் கடமை. தொற்றுள்ளவரைத் தனிமைப்படுத்தலாம், கூட்டத்தைக் கட்டுப்படுத்தலாம், முகக்கவசம் கேட்கலாம். நம் அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு நாடு முழுக்கத் தடையின்றிச் சென்று வரும் உரிமையைத் தருகிறது. பொதுமக்கள் நலனுக்காக அதன்மேல் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே கட்டுப்பாடு என்றாலே உரிமை மீறல் என்று யாரும் சொல்வதில்லை. "நியாயமான" என்ற அந்தச் சொல்லை எப்படி அளப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அளப்பதற்குச் சில கேள்விகளை உலகம் ஏற்கெனவே தொகுத்து வைத்திருக்கிறது. 1984-இல் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள சிராகூசா நகரில் சட்ட வல்லுநர்கள் கூடி வகுத்ததால் அவற்றுக்குச் சிராகூசா கோட்பாடுகள் என்று பெயர். நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் சொன்ன அளவுகோலும் கிட்டத்தட்ட இதே தடத்தில் போகிறது. அந்தக் கேள்விகளை எங்கள் தெருத் தகரத்தின்மேல் வைத்துப் பார்த்தாலே புரிந்துவிடும்.

முதல் கேள்வி, இதற்குச் சட்டம் இருக்கிறதா? தனிமைப்படுத்தச் சட்டம் இருக்கிறது. வாசலை ஆணியடித்து மூடச் சொன்ன உத்தரவை யாரும் காட்டவில்லை. அடுத்தது, நோக்கம் சரியா? தொற்றைத் தடுப்பது நல்ல நோக்கம்தான், அதில் சண்டை இல்லை. அந்த நோக்கம் இதனால் நிறைவேறுமா, இதைவிட லேசான வழி இருக்கிறதா என்பது மூன்றாவது. அக்கா வீட்டுக்குத் தினமும் ஒரு தன்னார்வலர் பாலும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்து, போனில் விசாரித்திருந்தால், அவர்கள் வெளியே வரவேண்டிய தேவையே இருந்திருக்காது. பல இடங்களில் அப்படித்தான் செய்தார்கள். கொடுக்கும் வலி கிடைக்கும் பயனைவிட அதிகமா என்று கேட்டால், இழுப்புக்காரப் பெரியவர் ஒருவர் உள்ளே இருக்கும் வீட்டுக்கு வாசல் இல்லாமல் செய்தது எந்தக் கணக்கிலும் வராது. எல்லோருக்கும் ஒரே மாதிரியா என்பது ஐந்தாவது. இரண்டு தெரு தள்ளி, பெரிய அபார்ட்மென்டில் தொற்று வந்தபோது லிஃப்டில் ஒரு நோட்டீஸ் மட்டும் ஒட்டினார்கள். அப்புறம், எப்போது முடியும், தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது என்று இரண்டு கேள்விகள். அவற்றுக்கும் அன்று பதில் கிடைக்கவில்லை.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டியது கட்டுப்பாட்டை விதிக்கிறவர். "நீ ஏன் வெளியே வரவேண்டும்" என்று குடிமகனைக் கேட்பதற்கு முன்னால், "நான் ஏன் தடுக்கிறேன்" என்று அரசு சொல்லியாக வேண்டும். தொற்றுக் காலத்தில் எல்லோரும் இதைத்தான் தலைகீழாக்கிக்கொண்டோம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் தீர்த்துவிடுகிறேன். "எமர்ஜென்சி மாதிரி நேரம், அப்போது உரிமை எல்லாம் கிடையாது" என்று படித்தவர்களே பேசினார்கள். கொரோனாவுக்காக இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்படவே இல்லை. அறிவிக்கவும் முடியாது. 352-ஆம் பிரிவு போர், வெளிநாட்டுப் படையெடுப்பு, ஆயுதக் கிளர்ச்சி ஆகிய மூன்றை மட்டும் சொல்கிறது. நோய் அதில் இல்லை. அப்படியே நெருக்கடி நிலை வந்தாலும், 1978-இல் வந்த 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21-ஆம் பிரிவை நிறுத்திவைக்க முடியாது. ஊரடங்கின் ஒவ்வொரு நாளும் நம் அடிப்படை உரிமைகள் உயிரோடுதான் இருந்தன.

அப்படியானால் ஊரடங்கு எந்தச் சட்டத்தில் வந்தது? முக்கியமாக இரண்டு. ஒன்று 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். இன்னொன்று 1897-இல் வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்கள் சட்டம். இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவசரமாக இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மொத்தமே நான்கு பிரிவுகள். அரசு தேவை என்று நினைத்தால் எந்த ஒழுங்குமுறையையும் போடலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரிமேல் வழக்குப் போட முடியாது. நோயாளிக்கு என்ன உரிமை என்று ஒரு வரிகூடக் கிடையாது. புனேயில் அந்தச் சட்டம் எப்படி நடந்தது என்பது வரலாறு. டபிள்யூ. சி. ராண்ட் என்ற அதிகாரியின் கீழ்ப் பட்டாளத்துக்காரர்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். பூஜையறை, சமையலறை எதையும் விடவில்லை. பெண்களைச் சோதித்தார்கள். பாத்திரம் பண்டங்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள், ஊரைவிட்டு ஓடினார்கள். ஓடியவர்களோடு பிளேக்கும் போனது. 1897 ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். அந்தக் கொந்தளிப்பிலேயே திலகர்மேல் ராஜதுரோக வழக்குப் பாய்ந்து, 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டு பம்பாயிலும் கலவரம் வெடித்த பிறகுதான் பட்டாளத்தை வைத்துச் சோதனை போடும் முறையை அரசு படிப்படியாகக் கைவிட்டது.

123 வருஷம் கழித்து நாம் அதே சட்டத்தை அலமாரியிலிருந்து எடுத்தோம். 2020 ஏப்ரலில் அவசரச் சட்டம் மூலம் அதைத் திருத்தி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு 7 ஆண்டு வரை சிறை என்று சேர்த்தார்கள். தேவையான திருத்தம்தான். நோயாளியின் உரிமை பற்றி ஒரு வரியாவது சேர்க்க அதே பேனா போதும். சேர்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஒளித்துவைக்கும் இந்தக் கதை பிளேக்கோடு முடியவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான், 1986-இல், மருத்துவர் சுனிதி சாலமனின் முயற்சியால். பரிசோதனையில் தொற்று தெரிந்த பாலியல் தொழிலாளர்களில் பலர் காப்பகத்தில் அடைத்துவைக்கப்பட்டார்கள். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடவில்லை. 1990-இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் கதவு திறந்தது. கோவாவில் 1989-இல் ரத்த தானம் செய்த ஓர் இளைஞரைப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய், பழைய காசநோய் மருத்துவமனையில் 64 நாள் வைத்திருந்தது. அவர் செய்த குற்றம், ரத்தத்தில் கிருமி இருந்தது. பிறகு நாடு மெதுவாகப் பாடம் கற்றது. பெயர் வெளியே வராது, சம்மதம் இல்லாமல் பரிசோதனை இல்லை, ஆலோசனை உண்டு என்று உறுதி கொடுத்த பிறகுதான் மக்கள் பரிசோதனை மையத்துக்கு வரத் தொடங்கினார்கள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் அந்த உறுதிகளை எழுத்தில் வைத்தது. கொரோனா வந்தபோது அந்தப் பாடத்தைப் படித்த ஊர் நம்முடையது. அப்படியும் நோயாளியின் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினோம். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தகுந்த அதிகாரி பேரிடர்ச் சட்டப்படி குறிப்பாக உத்தரவிட்டால் ஒழிய வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக்கூடாது என்று சொன்னது. அதற்குள் எத்தனையோ கதவுகளில் ஒட்டியாகிவிட்டது.

ஒரே உத்தரவு எல்லார்மேலும் ஒரே எடையில் விழாது என்பதும் இங்கே முக்கியம். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவிலிருந்து 21 நாள் ஊரடங்கு. நான்கு மணி நேர அவகாசம். சொந்த வீடும் மாதச் சம்பளமும் உள்ள எனக்கு அது வீட்டிலிருந்து வேலை. திருப்பூரிலும் சென்னையிலும் தினக்கூலிக்கு இருந்த பீகார், ஒடிசாத் தொழிலாளிக்கு அது சாப்பாடு இல்லை, வாடகை இல்லை, ரயிலும் இல்லை. நெடுஞ்சாலையில் மூட்டையும் குழந்தையுமாக நடந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். ரயில், பஸ் கட்டணத்தை அவர்களிடம் வாங்கக்கூடாது, உணவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது மே 28-ஆம் தேதி. இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் இரு என்று உத்தரவு போடும் அரசு, வீட்டுக்குள் இருக்க வழியும் செய்துதர வேண்டும். சோறும் வாடகையும் மனித உரிமைப் பேச்சில் வராத விஷயம் போலப் பலர் நடந்துகொள்கிறார்கள். ரேஷன் கடையில் கிடைத்த அரிசியும் 1,000 ரூபாயும்தான் பல வீடுகளில் ஊரடங்கைக் கடைப்பிடிக்க வைத்தன.

அந்தச் சமயத்திலேயே குஜராத் அரசு, தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தரவேண்டாம் என்று அறிவித்தது. காரணம், பொது நெருக்கடி. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று அதை ரத்து செய்தது. தொற்றின் சுமையைத் தொழிலாளியின் தோளில் மட்டும் இறக்கிவைக்க நெருக்கடி என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். டெல்லியில் தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் மத அமைப்பு நடத்திய மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டினர்மேல், தொற்றைப் பரப்பினார்கள் என்று போட்ட வழக்குகளை பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை ஆகஸ்டில் ரத்து செய்தபோது, பலிகடா தேடியிருக்கிறார்கள் என்றே எழுதியது. தீர்ப்பு வந்தது, ஆனால் அந்த ஏப்ரல், மே மாதங்களில் முஸ்லிம் காய்கறி வியாபாரிகள் தெருத் தெருவாகப் பட்ட அவமானத்துக்கு எந்த நீதிமன்றமும் ரத்து உத்தரவு போட முடியாது.

சில உரிமைகளை எந்தக் காரணத்துக்காகவும் தொடவே முடியாது. சித்திரவதைக்கான தடைக்கு எந்த விதிவிலக்கும் இல்லை என்று சர்வதேச உடன்படிக்கைகள் தெளிவாகச் சொல்கின்றன. 2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தந்தையையும் மகனையும், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் போலீஸ் கூட்டிப்போனது. நான்கு நாளுக்குள் இருவரும் இறந்துபோனார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது, பிறகு விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. இதில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அதற்கு முந்தைய மூன்று மாதங்கள். சாலையில் தோப்புக்கரணம் போடவைத்ததையும் லத்தியால் விளாசியதையும் வீடியோவாக்கி வாட்ஸ்அப்பில் சிரித்துப் பகிர்ந்தோம். ஊரடங்கை மீறினால் சட்டத்தில் அபராதமும் வழக்கும் உண்டு. அடிக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. நாம் சிரித்த சிரிப்புக்கும் சாத்தான்குளத்துக்கும் தூரம் அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

அறிவியல் ஆதாரம் இல்லாத கட்டுப்பாடு எவ்வளவு காயப்படுத்தும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தது. இலங்கை அரசு 2020 ஏப்ரலில் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்று காரணம் சொன்னார்கள். உடலை எரிப்பது இஸ்லாத்தில் கிடையாது. முஸ்லிம் குடும்பங்கள் கெஞ்சின. டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையின் உடலைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். கொழும்பில் உள்ள பொரளை மயானத்தின் கம்பி வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். முஸ்லிம்கள் இறந்தவரைப் போர்த்தி அடக்கம் செய்யும் கஃபன் துணியின் நிறம். கட்டிய துணியை இரவோடு இரவாக அகற்றினார்கள், மறுபடியும் கட்டினார்கள். எதிர்த்துப் போட்ட மனுக்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்காமல் தள்ளியது. 2021 பிப்ரவரி இறுதியில்தான் விதி மாறியது. மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. எரித்த உடலைத் திருப்பித் தர முடியாது.

நம் பக்கத்தில் வேறு விதமாக நடந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. கண்ணியமான இறுதிச் சடங்கும் 21-ஆம் பிரிவுக்குள் வரும் உரிமை என்று உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து சொன்னது. உரிமையை எப்போதும் அரசுதான் மீறும் என்பதில்லை, பயந்துபோன அக்கம்பக்கமும் மீறும். அப்போது தடுக்கவேண்டியது அரசின் வேலை.

தகவல் விஷயத்துக்கு வருவோம். 2020 மே மாதத் தொடக்கத்தில் தொற்றாளரோடு தொடர்பில் வந்தவர்களைக் கண்டறியும் ஆரோக்கிய சேது செயலியை அலுவலக ஊழியர்கள் எல்லோரும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. அப்போது தரவுப் பாதுகாப்புக்கென்று நம்மிடம் தனிச் சட்டமே இல்லை. எதிர்ப்பு வந்ததும் இரண்டு வாரத்தில் 'இயன்ற வரை' என்று தளர்த்தினார்கள், மாத இறுதியில் செயலியின் மூலநிரலை வெளியிட்டார்கள். கேள்வி கேட்டதால் நடந்த மாற்றம் இது. தென்கொரியாவில், தொற்றாளர் எங்கெங்கே போனார் என்று எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். அந்த மே மாதம் தலைநகர் சியோலின் இத்தேவோன் பகுதி இரவு விடுதிகளில் தொற்று பரவியபோது, தன்பாலின ஈர்ப்பாளர்கள் அடையாளம் தெரிந்துவிடும் என்று பயந்து பரிசோதனைக்கு வரவில்லை. பெயர் கேட்காமல் பரிசோதிக்கலாம் என்று அறிவித்த பிறகு வந்தார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரரின் பயம்தான் அங்கேயும்.

தடுப்பூசி பற்றி மட்டும் கவனமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உரிமை என்ற சொல்லை வைத்துப் பொய் பரப்பியவர்களும் உண்டு. நானும் போட்டுக்கொண்டேன், அம்மாவையும் கூட்டிப்போனேன். 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: யாரையும் வலுக்கட்டாயமாகத் தடுப்பூசி போடவைக்க முடியாது, ஒருவரின் உடல்மேல் அவருக்கு உரிமை உண்டு. அதே தீர்ப்பு, அரசின் தடுப்பூசிக் கொள்கை தவறு என்ற வாதத்தை ஏற்கவில்லை. பொது நலனுக்காக அளவோடு கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொன்னது. இரண்டு பாதியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கடைசியாக, முடிவுத் தேதி. தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக வாங்கவேண்டியிருந்த இ-பாஸ் ஞாபகம் இருக்கும். சாவுக்குப் போகவும் சான்று இணைத்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நிராகரித்தால் ஏன் என்று தெரியாது. 2020 ஜூலை 29 அன்றே, மாநிலத்துக்குள் போய்வர அனுமதி தேவையில்லை என்று மத்திய உள்துறை சொல்லிவிட்டது. இங்கே ஆகஸ்ட் முழுக்க அது தொடர்ந்தது. ஊரடங்கு மீறல் என்று போட்ட வழக்குகள் சுமார் 10 லட்சம். 2021 பிப்ரவரியில், வன்முறை போன்ற சிலவற்றைத் தவிர மற்றதை எல்லாம் திரும்பப் பெறுவதாக அப்போதைய முதல்வர் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் அதுவரை பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் விண்ணப்பித்த எத்தனையோ பேர் நெஞ்சு படபடக்க அலைந்திருப்பார்கள்.

அடுத்த முறை ஒரு தொற்று வந்து, உங்கள் வாசலுக்கு யாராவது சுத்தியலோடு வந்தால் சண்டை போடவேண்டாம். உத்தரவு நகலைக் கேளுங்கள். எந்தச் சட்டம், யார் கையெழுத்து, எந்தத் தேதி வரைக்கும் என்று பாருங்கள். நகல் இல்லை என்றால் வந்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துவைத்து ஒரு போட்டோ எடுங்கள். வீட்டில் முதியவரோ கர்ப்பிணியோ இருந்தால் அதை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு வக்கீல் இல்லாமல், கட்டணம் இல்லாமல் தமிழிலேயே மனு எழுதலாம். அப்படியே பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுத்து, கேஸ் சிலிண்டர் வருகிறதா, மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் தெரு அக்காவுக்கு ஐந்தாம் நாள் சிலிண்டர் தீர்ந்தது. நாங்கள் நாலு பேர் போய் ஒரு தகரத்தைக் கழற்றித்தான் உள்ளே தள்ளினோம். மறுபடி அதை யாரும் அடிக்க வரவில்லை.